அப்பா தலைமேல் சத்தியம்

வெங்கடரமணன் கோபம் வந்தாலும் கத்தமாட்டார் என்று அவருடைய ஆபீசில் ஒரு பேர் உண்டு. ஆபீசில்தான். மந்தைவெளி வீட்டில் அவர் கத்துவது எதிர் ஃபிளாட் நாய்க்குக்கூடத் தெரியும். ஆரம்பித்தாரோ இல்லையோ, அது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கத்தவில்லை. சாப்பாட்டு மேஜைமேல் ஒரு காகிதத்தில் வைத்திருந்ததைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தரம், போட்டுக்கொண்டு ஒரு தரம். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவர் மனைவி நீரஜாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

காகிதத்தில் இருந்தது நகத்தளவு ஒன்று. மெல்லிசாக, பளபளவென்று, கண்ணாடிச் சில்லு மாதிரி. காலையில் துணி துவைக்கப் போடும்போது மகன் கிச்சாவின் ஜீன்ஸ் கால்மடிப்பிலிருந்து அது விழுந்தது. நீரஜா முதலில் ஜிகினா என்றுதான் நினைத்தாள். ஜிகினா என்றால் பாவாடை, பாவாடை என்றால் பெண், பெண் என்றால் பதினாறு வயசுப் பிள்ளை கெட்டான். கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள் ரிஜிஸ்டர் கல்யாணம் வரைக்கும் போய்விட்டாள். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள்தான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாமா நீ, மீன் செதிலைப் புட்சிகினு அழுதுகினு கீற?"

மீனைக் கோயில் குளத்தில் பொரி போட்டுப் பார்த்ததோடு சரி, அந்தக் குடும்பம். நீரஜா கையைக் கழுவினாள். கழுவின சோப்பைக் கழுவினாள். வாஷிங் மெஷினைத் துணியே இல்லாமல் வெந்நீரில் ஓடவிட்டாள். அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, பெண்ணாகவே இருந்திருக்கலாமே என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

வெங்கடரமணனுக்கு உறுத்தினது வேறு. மீன் தின்றான் என்பது ஒரு பங்கு. சத்தியத்தை மீறித் தின்றான் என்பதுதான் மிச்சம் முழுக்க.

போன வருஷம் லஸ் பக்கத்து பேக்கரி ஒன்றில் கிச்சா முட்டை பஃப்ஸ் தின்றதை யாரோ பார்த்து வந்து சொல்லிவிட்டார்கள். சொல்வதற்கென்றே மயிலாப்பூரில் சிலர் பிறந்திருக்கிறார்கள். அன்றைக்கு வெங்கடரமணன் ஆடின ஆட்டத்தில் பூஜை அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. கடைசியில் பையனின் வலது கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் பொழங்கறவா கையால இனிமே பச்சத்தண்ணி கூடக் குடிக்கமாட்டேன்னு என் தலைமேல சத்தியம் பண்ணு."

"தலைமேலல்லாம் வேண்டாம்னா, கொழந்தை அவன்" என்று நீரஜா கெஞ்சினாள். தலைமேல் கை வைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்குத்தான் ஆபத்து என்பது ஊருக்கே தெரிந்த கணக்கு. வெங்கடரமணனுக்கு ரத்த அழுத்தம் ஏறி மாத்திரை ஆரம்பித்த புதிது வேறு. தெரிந்துதான் வைத்தார். சாதாரணச் சத்தியத்தை இந்தக் காலத்துப் பையன்கள் சட்டை பண்ணமாட்டார்கள், அப்பன் உயிர் என்றால் யோசிப்பார்கள் என்று ஒரு எண்ணம். கிச்சா அவருடைய வழுக்கையில் கை வைத்தபடியே சத்தியத்தைச் சொன்னதை அவர் மறக்கவில்லை. சொல்லிவிட்டு அவன் அந்தக் கையைத் தனியாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.

அந்தப் பையன்தான் இப்போது மீன் தின்கிறான். அப்படியென்றால் என்ன அர்த்தம்? அப்பா செத்தாலும் பரவாயில்லை, நாக்குக்கு ருசி முக்கியம் என்று அர்த்தம். வெங்கடரமணன் அதற்கு வேறு அர்த்தம் தேடவில்லை. தேடுகிற நிலைமையிலும் இல்லை. பெற்று வளர்த்த பிள்ளை தன் உயிரை ஒரு துண்டு மீனுக்கு விற்றுவிட்டான் என்று நினைக்க நினைக்க அவருக்குக் காது மடல் சுட்டது.

"அவனையே கேட்டுடலாமேன்னா" என்றாள் நீரஜா.

"கேக்கப்படாது. கேட்டா ஒரு பொய் சொல்லுவான், அதையே கெட்டியாப் பிடிச்சுண்டுடுவான். மொதல்ல எடத்தைப் பாக்கணும். அப்பறந்தான் ஆளைக் கேக்கணும்."

அது அவருடைய உத்தியோகப் பாடம். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் இருந்தார். லாரி வந்து இடித்தது என்று ஒருத்தன் எழுதிக்கொடுத்தால், பெயின்ட் எந்தப் பக்கம் உரிந்திருக்கிறது என்று பார்க்கிற வேலை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று ஜூனியர்களுக்கு வாரம் ஒரு தடவையாவது சொல்வார். ஊருக்குத்தானே உபதேசம்.

வீட்டிலேயே விசாரணையை ஆரம்பித்தார். சனிக்கிழமை சனிக்கிழமை அடையாறு கோச்சிங் சென்டரில் கிளாஸ் முடிந்து டவுட் கிளாஸ், ஏழு மணி ஆகும் என்று கிச்சா சொல்லி வந்தான். போன் போட்டுக் கேட்டால், "டவுட் கிளாஸா? எங்ககிட்ட அப்படி எதுவும் இல்லையே சார், நாலு மணிக்கே விட்டுடறோமே" என்றார்கள். ஒன்று ஆயிற்றா? கொஞ்ச நாளாகப் பையன் இரண்டு லிட்டர் பாட்டில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகிறான். எதற்கு? தின்றுவிட்டு வாய் கொப்பளிக்க. சனிக்கிழமை ராத்திரி வந்ததும் வராததுமாக, பட்டினி கிடந்தவன் மாதிரி மிளகாய்ப்பொடியில் எண்ணெயைக் குழைத்துக்கொண்டு தோசையாக உள்ளே தள்ளுகிறான். எதற்கு? வாய் நாற்றம் தெரியாமல் இருக்க. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்; கிளெய்ம் ஆபீசர் அரண்டால் பேய்க்கு ரிப்போர்ட்டும் தயாராகிவிடும்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அவர் கோச்சிங் சென்டருக்கு எதிரே ஒரு ஜூஸ் கடை நிழலில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. முகத்தில் மாஸ்க் வேறு. கடைக்காரர் இரண்டு தடவை உற்றுப் பார்த்தார். கிச்சா பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். வந்தவன் மந்தைவெளிப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நிற்காமல், ரோட்டைத் தாண்டி ஒரு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு பெசன்ட் நகர் பக்கம் போனான். வெங்கடரமணன் பின்னாலேயே போனார். "படிக்கப் போறானாம், படிக்க" என்று மாஸ்க்குக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனார்.

பீச்சின் வடக்குக் கோடியில், ஐஸ்கிரீம் கடைகளும் காரில் வந்து இறங்குகிறவர்களும் முடிகிற இடத்தில், ஊரூர் ஒல்காட் குப்பம் ஆரம்பிக்கிறது. ரோட்டோரம் குடை நட்டு மீன் விற்கிறவர்கள் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிச்சா ஆட்டோவிலிருந்து குதித்து நேராக ஒரு குடைக்குப் போனான். அங்கே அவன் வயசுப் பையன் ஒருத்தன். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமாக ஐஸ் பெட்டியைத் தூக்கினார்கள். பெட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் கிச்சாவின் ஜீன்ஸில் ஊற்றியது. அந்தப் பையன் என்னவோ சொன்னான். கிச்சா தலையை அண்ணாந்து சிரித்தான். வீட்டில் அவன் அப்படிச் சிரித்து வெங்கடரமணன் பார்த்து வருஷக்கணக்காயிற்று. அதுவும் அவர் கோபத்தோடு சேர்ந்துகொண்டது.

செதில் எப்படி ஜீன்ஸுக்கு வந்தது என்பதற்கு விடை அங்கேயே, அவர் கண்ணுக்கு எதிரே ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். ஆனால் அவர் வந்தது விடை தேடி இல்லையே, கையும் களவுமாகப் பிடிக்க.

சந்துக்குள் ஸ்கூட்டர் போகாது. ஓரமாக நிறுத்திவிட்டு, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நடந்தார். சந்தின் நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை. உள்ளே கேரம் போர்டு, மேலே தொங்குகிற பல்பு, சுற்றி நாலைந்து பேர். கிளப் பேர் எழுதின பலகை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஜூனியர் டபுள்ஸ் போட்டி என்று ஒரு நோட்டீஸ். அதில் லோகேஷ், கிருஷ்ணன் என்று ஜோடியாக இருந்த பேர் அவர் கண்ணில் படவில்லை. கொட்டகையை ஒட்டின வீட்டு வாசலில் ஒரு பெண்பிள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மகனுக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் விடியுமுன் ஏலத்துக்குப் போய், பகலெல்லாம் குடையடியில் நின்றவள் அவள். அந்த வீட்டில் மத்தியானச் சாப்பாடு நடப்பதே அந்த வேளைக்குத்தான். மீன் குழம்பின் வாசனை சந்து முழுக்க இருந்தது. அவளுக்கு எதிரே பையன்கள் இரண்டு பேரும் தரையில் சம்மணம் போட்டிருந்தார்கள். கிச்சாவின் முதுகு மட்டும் தெரிந்தது. தட்டு நடுவில் நகர்ந்தது. கிச்சாவின் முழங்கை வாய்க்கு மேலே போயிற்று.

வெங்கடரமணன் அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை.

"கிச்சா!"

திரும்பின பையனின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விழுந்தது. அவன் கையிலிருந்த பாட்டில் விழுந்து உருண்டு, தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. கொட்டகைக்குள் ஆட்டம் நின்றுவிட்டது.

"மீனாடா திங்கறே? மீன்! என் தலைமேல கை வெச்சு சத்தியம் பண்ணினியே, என்னடா ஆச்சு அது? அப்பன் செத்தா சாகட்டும்னு உக்காந்து முழுங்கறியா?"

கிச்சா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தான். அவன் வாயை அவர் பார்த்திருந்தாலே போதும், ஈரம் தவிர அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் அதற்குள் அந்தப் பெண்பிள்ளை பக்கம் திரும்பிவிட்டார்.

"நீங்கதானேம்மா போட்டேள்? எந்த ஆத்துப் புள்ளைன்னு தெரிஞ்சும் கூப்பிட்டு உக்கார வெச்சு மீனைப் போடறேளே, இது ஒரு தாயார் பண்ற காரியமா? உங்க புள்ளைக்கு யாராவது இப்படிப் பண்ணினா ஒத்துப்பேளா?"

அவள் பேர் தேசம்மா. அந்தப் பையன் லோகுவின் அம்மா. கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். மெதுவாக எழுந்து முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள். அந்தச் சந்தில் இருந்தவர்களுக்கு அதற்கு அர்த்தம் தெரியும். இரண்டு பேர் ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டார்கள்.

"இன்னா சார் சொன்ன? இன்னொரு தபா சொல்லு."

"மீனைப் போட்டேளா இல்லையா?"

"போட்டனா? நானா? அட, உன் புள்ளைய கேளுய்யா! ஆடி மாசத்துலேர்ந்து இங்க வந்துகினு கீறான். ஒரு வாய் சோறு? ஊஹும். டீ? ஊஹும். வெயில்ல ஓடியாந்து மூச்சு வாங்குறானே, பாவம்னு ஒரு சொம்பு தண்ணி மோந்து குடுத்தா, வாணாம் ஆண்ட்டி, பாட்டில் கீதுன்றான். மொத நாளு வயிறு சரியில்லன்னான். அடுத்த வாட்டி விரதம்னான். எந்த சாமிக்குய்யா வாரா வாரம் தண்ணி குடிக்காத விரதம்? எனக்கு இன்னா புத்தி மட்டா? உங்க வூட்டு கொழாயில வர்ற அதே தண்ணிதான்யா இங்கயும் வருது. என் சொம்புல ஊத்துனா மட்டும் ஆவாதா?"

"அம்மா, வுடும்மா" என்றான் லோகு.

"நீ சும்மா இர்ரா. இத்தினி நாளா உன் மூஞ்சிக்காகத்தான் வாய மூடிகினு இருந்தேன். பக்கத்து வூட்டுக்காரி கேக்குறா: இன்னா தேசம்மா, உன் புள்ளையோட கூட்டாளி ஐஸ் பொட்டி தூக்குறான், பக்கத்துல குந்துறான், உன் வூட்டு தண்ணிய மட்டும் தொடமாட்டானான்னு. எனக்கு எப்டி இருந்துருக்கும்? துன்னலியேன்னு நான் வயிறு எரிஞ்சிகினு கீறேன், துன்ட்டான்னு நீ வந்து கத்துற. ரெண்டு பேரும் இன்னாதான்யா நென்ச்சிகினு கீறீங்க எங்களை?"

வெங்கடரமணன் தரையைப் பார்த்தார். தட்டு ஒன்றுதான் இருந்தது. அது லோகுவின் முன்னால் இருந்தது. லோகுவின் விரல்களில்தான் குழம்பு இருந்தது. கிச்சாவின் கையில் ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்கவில்லை. உருண்டு கிடந்த பாட்டில் நீரஜா காலையில் ரொப்பிக் கொடுத்த பாட்டில்.

"அப்போ… நீ சாப்பிடவே இல்லையா?" என்றார்.

கிச்சா எழுந்து நின்றான். அப்பாவைவிட அரை விரற்கடை உயரமாகிவிட்டிருந்தான்.

"இப்போ கேக்கறியா? அறைஞ்சுட்டு?" குரல் உடைந்தது. அது அவனுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது. "கேரம் ஆடத்தான் வந்தேன். டவுட் கிளாஸ்னு பொய் சொன்னேன், அது என் தப்பு. கேரம் ஆடறேன்னா நீ விடமாட்டே. ஆனா சாப்பிடலை. தண்ணிகூடக் குடிக்கலை. எனக்கு இந்தத் தலைமேல சத்தியம், சாமி குத்தம் எதுலயும் நம்பிக்கையே கெடையாதுப்பா. ஆனா உனக்கு பிபி. ஒருவேளை நெஜமா இருந்துட்டா? நான் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சு, அன்னிக்கு ராத்திரி உனக்கு ஏதாவது ஆயிட்டா? அந்த பயத்துலயே வாரா வாரம் இவா மூஞ்சியப் பார்த்து ஒவ்வொரு பொய்யா சொன்னேன். நான் இவாளை மட்டமா நெனைக்கறேன்னு இவா நெனைக்கறது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நெஜத்தை எப்படி சொல்றது? உங்காத்துல தண்ணி குடிச்சா எங்கப்பா செத்துடுவார் ஆண்ட்டின்னு சொல்லவா? சொல்லு, அதைச் சொல்லவா?"

தேசம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். லோகு கிச்சாவையே பார்த்தான். அது அவனுக்கும் புதுச் செய்தி.

அந்த இடத்தில் வெங்கடரமணன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். கையெடுத்து ஒரு கும்பிடு போட்டிருக்கலாம். பையன் தோளைத் தொட்டிருந்தால்கூடப் போதும். தவளை தன் வாயால்தான் கெடும். நேற்று சாயங்காலத்திலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் அப்போதுதான் இறங்கியது. பிள்ளை தன்னைச் சாகட்டும் என்று விடவில்லை, சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறான். அவர் கண்ணை மூடிக்கொண்டு, மார்பில் கை வைத்து, எல்லார் காதிலும் விழும்படி ஒரு பெருமூச்சு விட்டார்.

"நல்ல வேளை! ஒண்ணும் ஆகலை. பகவான் காப்பாத்தினார்."

சந்தே கேட்டது. சொல்லி முடித்த பிறகுதான் தன் காதிலும் அது விழுந்தது. அவர் சொன்னது பிள்ளையைப் பற்றி. அங்கே நின்றவர்கள் காதில் விழுந்தது வேறு. எங்கள் சோற்றிலிருந்து இவன் பிள்ளை தப்பித்துவிட்டானாம், பகவானுக்கு நன்றி சொல்கிறான். அப்படி விழுந்ததும் தப்பில்லை. அதுவும் அதில் இருக்கத்தான் இருந்தது.

கொட்டகை வாசலில் யாரோ ஒரு சிரிப்புச் சிரித்தார்கள். லோகு தலையைக் குனிந்துகொண்டான். நண்பன் தலை குனிந்ததைக் கிச்சா பார்த்தான். அவ்வளவுதான்.

"நல்ல வேளையா?" என்றான். "நல்ல வேளையா இது?"

சட்டென்று குனிந்து லோகுவின் தட்டைத் தூக்கினான். சோற்றையும் குழம்பையும் சேர்த்துக் கை நிறைய அள்ளினான். ஒரு மீன் துண்டு விரலிடுக்கில் நின்றது.

"கிச்சா, வேண்டாண்டா!" வெங்கடரமணன் குரல் கீச்சிட்டது. "என் தலைமேல பண்ணியிருக்கேடா!"

"போனா போகட்டும் உன் தலை!"

அந்த வார்த்தையைச் சொல்லுகையில் அவன் அப்பாவை நேராகப் பார்த்தான். அவர் அதற்கு முன் அந்தப் பார்வையைப் பார்த்ததில்லை. பிறகு கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை வாய்க்குக் கொண்டுபோனான்.

தேசம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மீன் கூடை தூக்கித் தூக்கி உரமேறின கை; அவனால் அசைக்க முடியவில்லை.

"வை."

"ஆண்ட்டி, விடுங்கோ, நான் சாப்பிடறேன். எனக்கு ஒண்ணும் இல்ல, நான் சாப்பிடுவேன்."

"வைடா கீழ!" தட்டைப் பிடுங்கினாள். அவன் கையிலிருந்ததையும் விரல் விரலாகப் பிரித்து வழித்துத் தட்டில் போட்டாள். "கண்ண மூடிகினு துன்ற. விஷமாடா இது? மூச்சப் புட்சிகினு முழுங்கறதுக்கு? பசிச்சு வந்து கேட்டிருந்தா என் பங்கையும் எடுத்து உனக்குப் போட்டிருப்பேன். உங்கப்பன் மூஞ்சில வீசறதுக்கு என் வூட்டு சோறுதான் கெட்ச்சிதா உனக்கு? அவர் தொடாதங்கிறாரு, நீ அவரைக் கொல்றதுக்குத் துன்றங்கிற. ரெண்டு பேருக்கும் இது சோறா தெரியலியே!"

கிச்சா அப்படியே நின்றான். கன்னத்து விரல் அடையாளம் சிவப்பாகத் தடித்திருந்தது. "நான் அப்படி நெனைக்கலை ஆண்ட்டி" என்றான். சொன்னது பாதிதான் வெளியே வந்தது. கண்ணை மூடினதும் மூச்சைப் பிடித்ததும் அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது. பதினாறு வருஷம் வளர்ந்த வளர்ப்பு அது, ஆத்திரத்துக்கு அடங்குமா?

வெங்கடரமணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, நீங்க தப்பா எடுத்துக்கப்படாது. எங்க வழக்கம் அப்படி…"

"ஏறக்கட்டு சார். உன் வழக்கத்தை உன் வூட்ல வெச்சுக்கோ. உன் புள்ளைய இட்டுகினு போ."

லோகு அம்மாவிடமிருந்து தட்டைத் திரும்ப வாங்கவில்லை. குழாயடியில் கையைக் கழுவினான். கிச்சா அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"மச்சி, நாளைக்கு மேட்ச்…"

"நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"டேய், ஆறு மாசமா பிராக்டீஸ் பண்ணிருக்கோம்டா."

"உன் மேல கோவம்லாம் இல்ல மச்சி." லோகு கையை உதறிக்கொண்டே சொன்னான். குரலில் கோபம் இல்லாததுதான் கிச்சாவுக்குத் தாங்கவில்லை. "எங்கம்மா இன்னிக்கு ஊர் முன்னால நின்னுச்சு பாரு. நாளிக்கு நீ இங்க வந்து போர்டாண்ட குந்தினா, அது உள்ளயே குந்திகினு இருக்கும். வாணாம். கெளம்பு."

அவன் கொட்டகைக்குள் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஸ்ட்ரைக்கர் அடிக்கிற சத்தம் கேட்டது.

கிச்சா கையைக் கழுவவில்லை. பாட்டிலையும் எடுக்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு சந்தை விட்டு வெளியே நடந்தான். வெங்கடரமணன் பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். வழியில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனவர், என்ன நினைத்தாரோ, பாக்கெட்டில் திணித்துக்கொண்டார்.

ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு அவர் பீச் ரோட்டுக்கு வந்தபோது பையன் பஸ் டெர்மினஸ் பக்கம் வெகுதூரம் போயிருந்தான். பலூன்காரர்கள், சுண்டல்காரர்கள், சனிக்கிழமைக் கூட்டம். அதற்குள் புகுந்து புகுந்து, பக்கத்தில் வண்டியை மெதுவாக உருட்டினார்.

"ஏறிக்கோடா."

அவன் நடந்தான்.

"டேய், கிச்சா. அறைஞ்சது தப்புதான். ஆத்துல போய்ப் பேசிக்கலாம், ஏறு."

நடந்துகொண்டே இருந்தான். பின்னால் கார்க்காரன் ஹாரன் அடித்தான். வெங்கடரமணனுக்கு மறுபடியும் சுருசுருவென்று ஏறியது. இறங்கிவந்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேசியாயிற்று, இன்னும் என்ன வேண்டுமாம் இவனுக்கு?

"இப்போ என்ன ஆயிடுத்துன்னு இந்தக் கோவம்? கேரம்தானே, ஆடேன். மயிலாப்பூர்ல எத்தனை கிளப் இருக்கு, நானே சேத்துவிடறேன். பார்ட்னர் வேற யாராவது கெடைப்பான். நீதான் ஒண்ணும் சாப்பிடலையே, அதோட விடு!"

கிச்சா நின்றான். அவர் பக்கம் திரும்பினான். வலது கையில் குழம்பு காய்ந்து மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. அழுதிருந்தான், துடைக்காமல் விட்டிருந்தான். கத்துவான் என்று வெங்கடரமணன் எதிர்பார்த்தார். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம்.

அவன் கத்தவில்லை.

"ஆமாம்ப்பா. ஒண்ணும் சாப்பிடலை. உன் தலைக்கு ஒண்ணும் ஆகலை, பத்திரமா இருக்கு. எடுத்துண்டு ஆத்துக்குப் போ."

டெர்மினஸிலிருந்து 29சி கிளம்பித் திரும்பிக்கொண்டிருந்தது. அவன் ஓடிப்போய்ப் படிக்கட்டில் தொற்றிக்கொண்டான். வெங்கடரமணன் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் மறையும்வரை அங்கேயே இருந்தார்.